மை படாத கழுத்து

பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம், கறுப்பு பிளாஸ்டிக், நுனியில் மட்டும் ஈரமான நீல மை. அதைத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அந்த ஆள் விஷமுள் என்று சொன்னார். தன் கதைக்காக அவரே கம்ப்யூட்டரில் வரைந்து, யாரிடமோ கொடுத்துச் செய்து, நகைக்கடையில் மோதிரம் வைத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு வெல்வெட் பெட்டியில் வைத்து எடுத்துவந்திருந்தார். அதை என் கையில் கொடுத்து இன்னொருத்தியின் கழுத்தில் பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்தேன். கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு நடுங்கவில்லை. அந்த ஆளின் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அதில் பாதி என் கையின் மேலும் இருக்கிறது.

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ஒரு காரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கூடை கூடையாக ஒயர் இருக்கும். அதை வரிசைப்படுத்தி, டேப் சுற்றி, ஒவ்வொரு முனையையும் அதற்குரிய ஓட்டையில் செருகுவது எங்கள் வேலை. வேலை நடக்கிற பலகை ஓரிடத்தில் நிற்காது. மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்களும் அதோடு நாலடி நடந்து, எங்கள் பங்கை முடித்து, திரும்பி வந்து அடுத்த பலகையைப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து அப்படி நடந்ததை நேராக நடந்தால் சென்னைக்கே போய்விடலாம் என்று எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு.

எங்கள் லைனில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்ததால் ஆரம்பித்த வழக்கம். கம்பெனி பஸ்ஸில் எந்த ஸ்டாப்பில் ஏறுகிறோமோ அதுதான் பெயர். நான் மணிமங்கலம். என் பக்கத்து இடத்தில் நின்றவள் வாலாஜாபாத். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். வேலையில் அவள் என்னைவிடக் கெட்டி. ஒயரின் நிறத்தைச் சொன்னால் அது எந்த ஓட்டைக்குப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். புதிதாக வருகிற இன்ஜினியர்களே அவளிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போவார்கள். போகும்போது நன்றி மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பலகை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒருத்தி பாத்ரூம் போக வேண்டுமானால் அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்க வேண்டும். அப்படி வந்து நிற்பவளுக்கு ரிலீவர் என்று பெயர். எங்கள் லைன் முழுவதற்கும் ஒரே ஒரு ரிலீவர்தான். நாம் கையைத் தூக்க வேண்டும், லைன் லீடர் கண்ணில் படவேண்டும், அவர் ரிலீவரை அனுப்ப வேண்டும். அவள் அந்தக் கோடியில் வேறொருத்தி இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். அதுவரை ஒரு கையால் டேப் சுற்றிக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில்கூட இப்படி நின்றதில்லை. ஷிப்ட்டில் இரண்டு தடவைக்கு மேல் கை தூக்கினால் அப்போது இருந்த லீடர், "இன்னாம்மா, வூட்லயே போய்ட்டு வர்றதில்லயா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார்.

அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். வழி என்ன வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். காலையில் பல் விளக்கிவிட்டு ஒரு வாய், அதோடு சரி. கேன்டீனில் குழம்பு சோறு, ரசம் சோறு என்று சாப்பிட்டுவிட்டு, டம்ளரைத் தொடாமல் எழுந்துவிடுவோம். ரசத்தைக்கூடச் சிலர் வேண்டாம் என்பார்கள். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறி உட்கார்ந்ததும்தான் பாட்டிலைத் திறப்போம். பஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் எல்லாருடைய பாட்டிலும் காலியாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்ணுக்கு டேப் சுற்றக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். இதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது. எட்டு மணிநேரம் தாங்குவேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாலாஜாபாத்துக்கு உடம்பு காட்டிக்கொடுத்துவிட்டது. எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி என்று ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீர்ப் பாதையில் கிருமி, கிட்னிவரை ஏறிவிட்டது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கவே கூடாது, இன்னொரு தடவை வந்தால் படுக்கையில் போட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

"அடக்கவே கூடாதாம்டி," என்று பலகையைப் பார்த்தபடியே சிரித்தாள். "அந்தாள இட்டுகினு வந்து ஒருநாள் இந்த லைன்ல நிக்கவெச்சிட்டு அப்பால சொல்லச் சொல்லணும்."

அந்தச் சமயத்தில்தான் லைன் லீடர் பதவி காலியானது. பழைய லீடர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். லீடருக்கு மஞ்சள் தொப்பி. சம்பளமும் கொஞ்சம் கூடும். ஆனால் வாலாஜாபாத் அதைப் பற்றிப் பேசியபோது தொப்பியையும் சொல்லவில்லை, சம்பளத்தையும் சொல்லவில்லை.

"லீடர் ஆய்ட்டா எவளையும் எவனையும் கேக்காம போலாம்டி. எனக்கு அது போதும்," என்றாள்.

அவளுக்கு அது மருந்து. அவளுக்குத்தான் கிடைக்கும் என்று லைனில் எல்லோரும் நினைத்தோம். நியாயம் என்று ஒன்று இருந்தால் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் சூப்பர்வைசர் பார்த்து ஒரு ஆளைச் சொல்வார், முடிந்தது. இந்தத் தடவை மேலே யாருக்கோ புது யோசனை வந்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு ட்ரெய்னரை வரவழைத்து, ஒரு நாள் பயிற்சி கொடுத்து, கடைசியில் ஒரு பரீட்சை வைத்து ஆளை எடுப்பதாக அறிவித்தார்கள். போட்டியில் மூன்று பேர். வாலாஜாபாத், நான், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு பையன். பையன் என்றால் சின்னப் பையன் இல்லை, கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. அவனைப் படப்பை என்று கூப்பிடுவோம். வேடிக்கை பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் மற்ற லைன்களிலிருந்து பத்துப் பதினைந்து பேரையும் உட்கார வைத்திருந்தார்கள்.

ட்ரெய்னிங் ஹால் மாடியில் இருக்கிறது. ஏ.சி., மெத்தை வைத்த நாற்காலி, மேஜைக்கு மேஜை தண்ணீர் பாட்டில். ட்ரெய்னிங் நாள் என்றால் எங்களுக்குத் திருவிழா மாதிரி. பலகை இல்லை, ரிலீவர் இல்லை, கதவைத் திறந்தால் எதிரிலேயே பாத்ரூம். அதனால் அன்றைக்கு மட்டும் பெண்கள் எல்லோரும் ஆசை தீரத் தண்ணீர் குடிப்போம். குடிப்பதே ஒரு விளையாட்டாக இருக்கும், யார் பாட்டில் முதலில் காலியாகிறது என்று. வாலாஜாபாத் அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பாட்டிலை முடித்தாள். டாக்டர் சொன்னதை ஒருநாளாவது கேட்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் குடித்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். மாடிக்கு வந்துவிட்டால் லைன் இல்லை என்று நம்பிவிட்டாள்.

காலையில் கதை நடந்தது. அந்த ட்ரெய்னர் எழுத்தாளரும்கூடவாம். விஞ்ஞானக் கதை எழுதுவாராம். ஹால் போர்டில் பெரிய எழுத்தில் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று எழுதிவிட்டு, அவர் எழுதிய கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். எங்கேயோ தூரத்தில் ஒரு கிரகம். முழுக்க உப்பு மணல். ஊருக்கு நடுவில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்குக் காவல்காரனாக வருகிறவன்தான் அந்த ஊருக்கே தலைவன். அவனை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? மூன்று நாள் தண்ணீர் கொடுக்காமல் வைத்து, ஒரு கல் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். தொண்டைக்குப் பக்கத்தில், ஒரு நூல் இடைவெளியில், அந்த விஷமுள்ளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். பாறைக்குள் வாழும் ஏதோ பூச்சியின் விஷம் தடவிய முள். பட்டால் கண் மூடித் திறப்பதற்குள் உயிர் போய்விடும். எதிரில் இன்னொருவன் ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாகத்தில் ஒரே ஒரு தடவை எச்சில் விழுங்கினாலும் தொண்டை ஏறி இறங்கும், முள் பட்டுவிடும்.

"விழுங்கினவன் மிருகம், விழுங்காதவன் மனுஷன். செல்ஃப் கன்ட்ரோல் ஃப்ரெண்ட்ஸ்! லீடர்னா அதான்," என்று முடித்து, வெல்வெட் பெட்டியைத் திறந்து முள்ளைக் காட்டினார்.

கதை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம். வாய் சும்மா இருக்காது எனக்கு. எழுந்து கேட்டேன்.

"சார், முள்ளப் புடிச்சிகினு நிக்கிறான் பாருங்க, அவன் மட்டும் தண்ணி குடிச்சிட்டு வந்தானா?"

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். "குட் கொஸ்டின்," என்றார். திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மதியம் பரீட்சை. அந்தக் கதையையேதான் நடத்திக்காட்டப் போகிறோம் என்றார். நாற்காலியில் ஒருவர் உட்கார வேண்டும். இருபது நிமிடம். தலை அசையக் கூடாது, உடம்பு அசையக் கூடாது. எச்சில் விழுங்கலாம் என்று மட்டும் பெரிய மனது பண்ணினார். முள்ளின் நுனியில் நீல மை தோய்த்து, போட்டியில் இருக்கும் இன்னொருவர் காதுக்குக் கீழே கழுத்தை ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். அசைந்தால் மை படும், மை பட்டால் செத்துப்போனதாகக் கணக்கு. பிடித்திருப்பவர் நடுவில் முள்ளை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் ஃபெயில். முடிந்ததும் ஒரு பாரத்தில் 'மை பட்டதா? ஆம், இல்லை' என்ற இடத்தில் டிக் அடித்து, பிடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். எதிரில் அவர் இரண்டு கண்ணாடி ஜாடி வைத்திருந்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பாராம். கதைக்கு மெருகு.

முதலில் படப்பை உட்கார்ந்தான், நான் முள்ளைப் பிடித்தேன். பாதியில் அவனுக்கு ஒரு தும்மல் வந்தது. கழுத்தில் பெரிய நீலப் பொட்டு. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அதுவரைக்கும் விளையாட்டுதான்.

அடுத்து வாலாஜாபாத். அவள் உட்காருவதற்கு முன்னால் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

"சார், ஒரே ஒரு வாட்டி பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேன் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி பஸ்ஸுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. "இருபது நிமிஷம்தானேம்மா? இதுவும் டெஸ்ட்ல ஒரு பார்ட்னு வெச்சுக்குங்களேன்," என்றார்.

சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதும்போது இப்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அந்த ஆள் மதியம் சாப்பிட்டதும் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன். கதை சொல்லும்போது நடுவில் ஒரு தடவை 'டூ மினிட்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போனதையும் பார்த்தேன். யாரையும் கை தூக்கிக் கேட்கவில்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இவருக்கு வரவே வராது, ஏனென்றால் கதவு அவருக்கு எப்போதும் திறந்துதான் இருக்கிறது.

அவள் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தாள். மறுத்துவிட்டால் பதவி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தாள். நான் முள்ளை மையில் தோய்த்து, முழங்கையை நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டு, அவள் காதுக்குக் கீழே பிடித்தேன். அவர் ஜாடியிலிருந்து ஜாடிக்குத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார்.

தண்ணீர் ஊற்றும் சத்தம். அதைத் தாகத்தில் இருக்கிறவன் கேட்டால் என்ன ஆகும் என்று அவர் கதையில் எழுதிவிட்டார். முட்டிக்கொண்டு நிற்கிறவள் கேட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியவில்லை. குழந்தையை ஒன்றுக்குப் போக வைக்க மோரியோரம் உட்கார வைத்துக் குழாயைத் திறந்துவிடுவோமே, அது தெரிந்த எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

ஏழெட்டு நிமிடம் போனது. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் கண்ணுக்கு அரை அடியில் இருந்ததால் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. காது ஓரத்தில் வியர்வை. ஏ.சி. ஹாலில் வியர்வை. பன்னிரண்டாவது நிமிடம் இருக்கும், உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"மணிமங்கலம்... எடுடி."

நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

"எடுடி. முடியலடி. ஓடிப் போய்ட்டு ஓடியாந்துர்றேன்."

நான் எடுத்திருக்கலாம். நாலு விரல் தூரம், கையை இழுத்திருந்தால் போதும். சார், இவளுக்கு முடியலை, நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். எந்த விஷயத்துக்கும் முதல் ஆளாக வாயைத் திறக்கிற நான். எடுத்தால் இரண்டு பேரும் ஃபெயில் என்பது அப்போது என் மண்டைக்குள் ஓடியது. அவளுக்காகத்தான் எடுக்கவில்லை, அவள் பதவி போய்விடக் கூடாதே என்றுதான் எடுக்கவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கும் அந்த மஞ்சள் தொப்பி வேண்டியிருந்தது.

அவள் காதில் நான் சொன்னது இதுதான். "எட்டு நிமிஷம்தான்டி. பொறுத்துக்கோ."

பொறுத்துக்கோ. பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், பிரசவ வார்டில் என்று பிறந்ததிலிருந்து எல்லோரும் எங்களிடம் சொன்ன வார்த்தை. லீடர் சொன்ன வார்த்தை. ஹால் போர்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த வார்த்தை. அதை அன்றைக்கு நானும் அவளிடம் சொன்னேன்.

பதினாறு நிமிடமோ பதினேழோ ஆனபோது கீழே சத்தம் கேட்டது. நாற்காலி மெத்தையிலிருந்து தரைக்குச் சொட்டுகிற சத்தம். நான் முதலில் ஜாடித் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். அவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டிருந்தார். முன்வரிசையில் ஒருத்தன் காலைத் தூக்கிக்கொண்டான். பின்னால் யாரோ க்ளுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். ட்ரெய்னர் முதலில் செய்த காரியம், தரையில் வைத்திருந்த தன் லேப்டாப் பையை எடுத்து மேஜை மேல் வைத்ததுதான்.

அவள் எழுந்திருக்கவில்லை. அதுதான் என்னால் மறக்க முடியாதது. முகம் சிவந்து கண்ணிலிருந்து நீர் வழிகிறது, பேன்ட்டெல்லாம் ஈரம், தலையை ஒரு நூல்கூட அசைக்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "போதும்மா, போதும், எழுந்திருங்க," என்று அவர் சொல்கிறார். அவள் எழுந்திருக்கவில்லை. நானும், பைத்தியக்காரி, முள்ளைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். இருபது நிமிடம் முடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு அவள் எழுந்தாள். சட்டைக் காலரை இறக்கி அவரிடம் கழுத்தைக் காட்டினாள்.

"டைம் ஆச்சா சார்? நல்லா பாத்துக்குங்க. மை கீதா?"

மை இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

நான் அவள் பின்னாலேயே ஓடினேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யூனிஃபார்ம் போடும்போது கழற்றிய என் சுடிதார் துப்பட்டா பையில் இருந்தது, அதைக் கதவுக்கு மேலே போட்டேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கதவின் மேலேயே தொங்கியது.

"ஏன்டி எடுக்கல?" உள்ளேயிருந்து கேட்டாள்.

"எடுத்தா ரெண்டு பேரும் ஃபெயிலு ஆய்டுவோம்டி. உனக்காகத்தான்..."

"நான் உன்கிட்ட பாஸ் பண்ணிக் குடுன்னா கேட்டேன்? எடுன்னுதான கேட்டேன்?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஈர உடையோடே படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாள்.

நான் திரும்பி ஹாலுக்குப் போய் பாரத்தில் 'இல்லை' என்ற இடத்தில் அழுத்தி டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் என் முறை பாக்கி இருந்தது. ட்ரெய்னர், "இன்னிக்கு இது போதும் ஃப்ரெண்ட்ஸ்," என்று முள்ளைத் துடைத்து வெல்வெட் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். அந்த நாற்காலியில் நான் உட்காரவே இல்லை.

அடுத்த வாரம் என்னை ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேடம் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். நீங்கள்தான் புது லைன் லீடர் என்றார்.

"மேடம், நான் டெஸ்ட்டே எழுதலயே. மூணு பேர்ல மை படாதது வாலாஜாபாத்துக்கு மட்டும்தான் மேடம். நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"அது தெரியும்மா. ஆனா அவங்களுக்கு செல்ஃப் கன்ட்ரோல் இல்லன்னு ரிமார்க் வந்திருக்கு."

"ரூல்ல அசையக் கூடாதுன்னுதான மேடம் சொன்னாங்க? அவ அசையவே இல்லயே. போய்ட்டு வர்றேன்னு முன்னாடியே கேட்டா, அந்த சார்தான் விடல."

"அது வேற இஷ்யூம்மா, இது வேற இஷ்யூ," என்று மேடம் ஃபைலைப் புரட்டினார். "உங்களப் பத்தி என்ன எழுதியிருக்கார் தெரியுமா? அவ்ளோ ப்ரஷர்லயும் உங்க கை நடுங்கவே இல்லையாம். ரொம்ப இம்ப்ரஸ் ஆயிட்டார்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று கேட்டிருக்கிறேன். குடத்தை உடைக்காமல் காப்பாற்றியவளுக்குத் தண்டனை கொடுத்ததை அங்கேதான் பார்த்தேன். பூமி ஆள்கிற பொறுமையை அவள் கடைசிச் சொட்டுவரை காட்டிவிட்டாள். அது அவர்கள் நாற்காலியை நனைத்துவிட்டது, அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருடம் அடக்கியதெல்லாம் கட்டுப்பாடு இல்லை, ஒருநாள் அடக்க முடியாமல் போனதுதான் கணக்காம். எந்த மிருகத்தையாவது இப்படி உட்கார வைக்க முடியுமா? மாட்டைக்கூட ஏரில் பூட்டி ஓட்டும்போது அது மூத்திரம் பெய்ய நின்றால், முடிகிறவரை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டுவார்கள். மனுஷன் யார், மிருகம் யார் என்று எங்களுக்கு வந்து பாடம் எடுக்கிறார்கள்.

இதில் பாதியை மேடத்திடமே சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க, வெளியிலேர்ந்து ஆள் போட்டுக்கலாம்," என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒருத்தன் வந்து, வீட்டிலேயே போய்விட்டு வருவதில்லையா என்று கேட்பதற்கு நாமே இருந்துவிட்டுப் போகலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். அப்போதும் கை நடுங்கவில்லை.

மஞ்சள் தொப்பி போட்டதும் முதல் வேலையாக இன்னொரு ரிலீவர் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் யாராவது கை தூக்கினால், ரிலீவர் வேறு இடத்தில் இருந்தால், நானே போய் நின்றுவிடுகிறேன். லீடர் அப்படி நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவர் சொல்வதைச் சொல்லட்டும். எங்கள் லைனில் இப்போது பெண்கள் சாப்பிட்டதும் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறார்கள். எத்தனை தடவை போனாலும் ஏன் என்று நான் கேட்பதில்லை. கேன்டீனில் அவர்கள் அண்ணாந்து குடிக்கிறதைப் பார்த்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

வாலாஜாபாத் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னிடம் பேசாமலும் இல்லை, ஒயர் தீர்ந்தால் சொல்வாள், டேப் வேண்டுமென்றால் கேட்பாள். ஆனால் ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. ஷிப்ட் தொடங்கினால் சாப்பாட்டு நேரம்வரை, சாப்பாடு முடிந்தால் பஸ்வரை. அவள் மட்டும் டம்ளரைத் தொடுவதில்லை. போன மாதம் நாலு நாள் லீவ் போட்டாள், காய்ச்சல் என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

அவள் திரும்பி வந்த அன்றைக்கு மதியம் போய் அவள் பின்னால் நின்றேன். முகம் வெளுத்திருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அது எதற்கென்று லைனில் நிற்கிற எவளுக்கும் தெரியும்.

"நவுருடி. நான் நிக்கறேன், நீ போய்ட்டு வா," என்றேன். அவள் நகரவில்லை. "உன் கால்ல விழறேன்டி, போய்ட்டு வாடி," என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கையில் இருந்த ஒயரை ஓட்டையில் செருகினாள், பலகையோடு நாலடி நடந்தாள், திரும்பி வந்து அடுத்த பலகையைப் பிடித்தாள். அப்புறம் இடது கையால் சட்டைக் காலரைக் கொஞ்சம் இறக்கி, கழுத்தை எனக்குக் காட்டினாள்.

"இன்னும் அசையல. நல்லா பாத்து எழுதிக்கோ."